சூறாவளி எனப் பெயர் பெற்ற கமத்தொழிற் கல்லூரி

உழவையும் கைத்தொழிலையும் உயர்கல்வியுள் அடக்கக் கருதி 1862ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பெற்ற மொறில் சட்டத்தை முதன்முதல் ஏற்ற மாநிலம் அயோவா ஆகும். அம்மாநிலத்தின் ஏம்ஸ் நகரிலமைந்த கமத்தொழிற் கல்லூரியில் 1878ஆம் ஆண்டளவில் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்காகவே தொடங்கிற்று.

பந்தைக் கையிலேந்தி எதிரணியை ஊடறுத்தோடும் அமெரிக்க முறை ஆட்டத்திற்கு 1892இல் ஒழுங்கான குழுவொன்று அமைந்தது. 1894இல் கல்லூரித் தலைவர் வில்லியம் பியர்ட்சியர் முன்னின்று விளையாட்டுச் சங்கம் நிறுவினார். குழுவும் முறையான அங்கீகாரம் பெற்றது. அவ்வாண்டிலேயே அயோவாப் பல்கலைக்கழகத்தை 16–8 என வென்றது.

1895இல் பொப் வார்னர் பயிற்றுநராக வந்தார். மொன்ரானா மாநிலத்துப் பியூற் நகரில் ஆடிய முதலாட்டம் தோல்வியில் முடிந்தது. ஆயினும் குழுவினர் தளரவில்லை. செப்ரெம்பர் 28ஆம் நாள், சிக்காகோவை அடுத்த எவன்ஸ்ரனில், நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த ஊரிலேயே 36–0 என வீழ்த்தினர். அயோவாவிலிருந்து வந்த சூறாவளியொன்று எவன்ஸ்ரனைப் பாழாக்கிற்று எனச் சிக்காகோ ‘திரிபியூன்’ நாளிதழ் தலைப்பிட்டது. ‘சூறாவளிகள்’ என்பதே பின்னர்க் குழுவின் பெயராயிற்று.

அக்கல்லூரி 1959இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆயினும் அப்பெயர் மாறவில்லை. ஏட்டுக் கல்விக்குப் பெயர்பெற்ற கழகங்களுக்கு நிகராக ஏரின் கல்வி தரும் கல்லூரியும் நிற்கவல்லது என்பதை ஊரறியச் செய்தது அந்த ஒருநாள் ஆட்டமே.