மொடக்குறிச்சியில் புத்தகமான வாக்குச்சீட்டு

திருப்பூரில் பவர் டேபிளில் உட்கார்ந்து பனியன் தைக்கிற என்னைப் போன்ற பலருக்கும் பூர்வீகம் தோட்டங்காடுதான். கிணற்றில் மோட்டார் ஓடினால்தான் வெள்ளாமை என்ற சீமையில் அன்று கரண்ட் பில்லே அரசியல். பக்கத்துப் பெருமாநல்லூரில், 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகளைப் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் ஜனம் திரண்ட காலம் அது. அந்தக் கூட்டம் ஓட்டாக மாறவில்லை என்பது வேறு கதை.

1996 சட்டசபைத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் வேறொரு வீம்பு. கோரிக்கையை யாரும் காதில் வாங்காத கடுப்பில் விவசாயிகள் சாரை சாரையாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள்! தேர்தலே தள்ளிப்போனது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. தங்கள் சின்னம் எந்தப் பக்கத்தில் என்று பெரியவர்கள் எச்சில் தொட்டுப் புரட்டியிருப்பார்கள். 88 பேருக்கு ஒற்றை ஓட்டுக்கூட விழவில்லை. வீட்டு ஓட்டுமா இல்லை? ஜெயித்தவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன்.

கேலிக்கூத்து என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனுவும் மறியலும் பார்த்து ஓய்ந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, சட்டசபைத் தேர்தலுக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள்.