கழித்தல் குறி வந்த கதை

பிளஸ் ஒன் இயற்பியலில் மோதல்கள் என்ற பகுதி நாலைந்து பீரியடில் முடிந்துவிடும். மொத்த உந்தம் மாறாது என்று போர்டில் எழுதி, சூத்திரத்தைப் போட்டு, இரண்டு கணக்குச் செய்து காட்டினால் தேர்வுக்குப் போதும். விடைத்தாள் திருத்தும்போது தப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழும். எதிரே வரும் பொருளின் திசைவேகத்துக்குப் பிள்ளைகள் கழித்தல் குறி போடமாட்டார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவோம். என்னைக் கேட்டால் அது கவனக்குறைவே இல்லை. ஐரோப்பாவின் பெரிய மூளைகளுக்கே கால் நூற்றாண்டு பிடிபடாமல் போக்குக் காட்டிய குறி அது.

1644-இல் ரெனே டேகார்ட் லத்தீனில் ஒரு தத்துவ நூலை வெளியிட்டார். இரண்டு பொருள்கள் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் ஏழு விதிகள் இருக்கின்றன. படைப்பின்போது கடவுள் உலகுக்குக் கொடுத்த இயக்கத்தின் மொத்த அளவு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது என்பது அவர் கட்சி. பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் ஏழில் பெரும்பாலானவை தப்பாகப் போயின. நான்காவது விதியைப் பாருங்கள்: சும்மா நிற்கும் பெரிய பொருள்மீது சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் பெரியது அசையாது, சின்னது வந்த வேகத்திலேயே திரும்பிப் போகும். "லாரியில கொசு மோதினா லாரி நகருமா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்பவனும் இதையேதான் சொல்கிறான். அவனைப் பார்த்து வகுப்பு சிரிக்கும். நான் சிரிக்கவிட்டதில்லை, அவன் டேகார்ட்டின் கட்சிக்காரன். கண்ணால் காண்பது விதிக்கு ஒத்துவரவில்லையே என்று கேட்பவர்களுக்கு டேகார்ட்டிடம் பதில் இருந்தது: உலகில் எந்தப் பொருளும் தனியாக இல்லை, சுற்றியுள்ளவை குழப்புகின்றன. கெட்டிக்காரப் பதில்தான்.

அவர் பேச்சை மறுத்தவர் அவர் பழகிய வீட்டுப் பிள்ளை. கிறிஸ்டியான் ஹைகென்ஸின் தந்தைக்கு டேகார்ட் நண்பர்; கணிதம் சொல்லிக்கொடுத்த வான் ஸ்கூட்டனும் டேகார்ட்டின் பக்கம். ஆனாலும் 1650-களின் தொடக்கத்திலேயே, இருபது சொச்சம் வயதில், ஹைகென்ஸுக்கு அந்த விதிகளில் சந்தேகம் தட்டியது. அவர் கையாண்ட உத்தி படகு. ஹாலந்துக் கால்வாயில் சலனமில்லாமல் ஒரு படகு போகிறது. அதில் நிற்பவர் இரு கைகளிலும் நூலில் தொங்கும் சமமான இரண்டு குண்டுகளைச் சம வேகத்தில் மோதவிடுகிறார். இரண்டும் அதே வேகத்தில் திரும்பும். இதில் யாருக்கும் தகராறு இல்லை, டேகார்ட்டின் முதல் விதியும் அதுதான். இப்போது படகின் வேகமும் குண்டின் வேகமும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவருக்கு ஒரு குண்டு சும்மா நிற்கிறது, மற்றது இரட்டை வேகத்தில் வருகிறது. மோதியபின் வந்தது நின்றுவிடுகிறது, நின்றது இரட்டை வேகத்தில் கிளம்புகிறது. நடந்தது ஒரே மோதல், பார்த்தவர் இருவர். கேரம் காயை இன்னொரு காயின் நட்டநடுவில் மோதவிட்டவர்களுக்கு இந்த முடிவு புதிதல்ல. ஆனால் அதை அளக்காமல், படகையும் கரையையும் வைத்தே வாதாடி நிறுவியதுதான் ஹைகென்ஸின் சாமர்த்தியம். நம் பாடநூல்களில் படகு இல்லை, சூத்திரம் இருக்கிறது. வரிசையை மாற்றினால் பாதிப் பிள்ளைகளாவது தப்புவார்கள் என்பது என் எண்ணம்.

1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி, மோதல் பற்றித் தெரிந்தவர்கள் எழுதியனுப்புங்கள் என்று கேட்டது. ஜான் வாலிஸ், ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகும் பொருள்களைப் பற்றி எழுதினார். கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென், தெறித்து விலகும் பொருள்களைப் பற்றி எழுதினார். பாரிஸில் இருந்த ஹைகென்ஸும் தன் விதிகளை அனுப்பினார். 1669-இல் மற்ற இருவர் கட்டுரையும் சொசைட்டியின் இதழில் அச்சேறின, இவருடையது விடுபட்டது. மனம் நொந்து பிரெஞ்சு இதழில் வெளியிட்டார். பிறகுதான் லண்டனிலும் வந்தது. அந்த விதிகளில் ஒன்று நம் கதைக்கு முக்கியம்: மோதலில் இயக்கத்தின் அளவு கூடலாம், குறையலாம், ஆனால் எதிர்ப்பக்கம் போவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு பக்கமாக உள்ள அளவு மாறாது. கழித்தல் குறி வந்து சேர்ந்துவிட்டது. படகு வரும் முழு நூலோ, அவர் 1695-இல் இறந்து எட்டு ஆண்டு கழித்து 1703-இல்தான் அச்சானது.

நியூட்டன் 1687-இல் பிரின்சிபியாவில் இவர்கள் மூவரையும், ஊசல் சோதனையை விளக்கி நூல் எழுதிய மாரியட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கடைகளில் விற்கும் ஐந்து குண்டுப் பொம்மைக்கு நியூட்டன் பெயர் ஒட்டிக்கொண்டது 1967-இல், ஒரு நடிகர் வைத்த விற்பனைப் பெயரால். நியூட்டனின் சொந்த வேலை அதைவிட ருசியானது. 10 அடி நூலில் குண்டுகளைத் தொங்கவிட்டார். காற்றின் தடையை ஒதுக்க, முதலில் ஒரு குண்டை மட்டும் ஆடவிட்டு, போய்த் திரும்பும்போது எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அதில் கால்பங்கை ஒரு இறக்கத்துக்கான இழப்பாக வைத்துக்கொண்டார். கம்பளி உருண்டைகள் 9 பங்கு வேகத்தில் நெருங்கினால் 5 பங்கில் விலகின. கண்ணாடி 16-க்கு 15. எங்கள் லேபில் விசிறி கழற்றிய கொக்கியில் ரீப்பர் கட்டையைக் கட்டி இதைச் செய்து பார்த்திருக்கிறோம். கூரை உயரத்துக்குத் தக்கபடி நூல் குறைந்தது, அவ்வளவுதான். கால்பங்கு ஏன் என்று பிள்ளைகள் கேட்கிற அந்த நிமிடம் முழுப் பாடத்துக்கும் ஈடு.

பள்ளி வகுப்புக்குள் மோதலை இப்படி அளக்கும் பொருளாகக் கொண்டுவர அமெரிக்காவில் பெருமுயற்சி நடந்தது 1956-இல்தான். எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சக்காரியாஸ் முன்னின்று ஒரு குழுவைக் கூட்டினார். 1960-இல் அவர்கள் பாடநூல் வந்தது. பெரனிஸ் அபட் என்ற புகைப்படக்காரர் அந்தத் திட்டத்துக்காக, மோதும் குண்டுகளை விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தில் படமெடுத்தார். ஒரே படத்தில் குண்டு வரிசையாக நிற்கும். இடைவெளி அதிகமென்றால் வேகம் அதிகம். பிள்ளை செய்ய வேண்டியது ஸ்கேலை வைத்து இடைவெளியை அளப்பதும், எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு அம்புக்குறி போடுவதும்.