கோமாளியின் வழித்தடம்

கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அரசவையிலிருந்தோ ஆலயத்திலிருந்தோதான் தொடங்குவர். உழைத்துக் களைத்த மக்கள் இரவில் கூடி, வெளிப்படையாகவும் சற்றே நாணமின்றியும் சிரித்த சிரிப்புக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. அச்சிரிப்பும் தலைமுறை தலைமுறையாக வந்ததே. அது நாடு விட்டு நாடு சென்றது; தடை கண்டது; தடையைத் தாண்டியும் வாழ்ந்தது. மராட்டியத் திரைப்படம் ஒன்றின் கதையையும் கண்டிக்கு அண்மையிலுள்ள வத்தேகமத்துத் தோட்டங்களின் கூத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் இவ்வுண்மை புலனாகும்.

1971 ஆம் ஆண்டு பம்பாயில் 'சோங்காட்யா' என்னும் மராட்டியப் படம் வெளிவந்தது. அச்சொல்லுக்கு வேடதாரி, விகடன் என்பது பொருள். கதையை எழுதியவர் வசந்த் சப்னிஸ். இயக்கியவர் கோவிந்த் குல்கர்ணி. இசையமைத்தவர் ராம் கதம். படத்தைத் தயாரித்து முதன்மை வேடத்தையும் ஏற்றவர் தாதா கோண்ட்கே. தாயின் சொல்லுக்கு அடங்கி வாழும் கிராமத்து அப்பாவி ஒருவன், ஆடல் குழுவைச் சேர்ந்த நங்கை ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கதை அவ்வளவே. ஆயினும் ஆட்டமும் பாட்டும் இரட்டைப் பொருள் பேச்சும் கலந்து அது வழங்கிய விருந்துக்கு மராட்டிய மக்கள் திரண்டு வந்தனர். பெரும் பொருட்செலவோ பெயர்பெற்ற நட்சத்திரக் கூட்டமோ அப்படத்துக்கு இல்லை.

கோண்ட்கே 1932 இல் பம்பாயின் நாய்காவ் பகுதியில், பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். வசந்த் சப்னிஸ் எழுதிய மேடை நாடகம் ஒன்றில் ஆயிரம் தடவைக்கு மேல் நடித்துப் பெயர் பெற்ற பின்னர், 1969 இல் பால்ஜி பெந்தார்க்கரின் 'தாம்ப்டி மாத்தி' படத்தின் வாயிலாகத் திரையுலகில் நுழைந்தார். தொளதொளவென்ற அரைக் காற்சட்டை, அதன் முன்னே தொங்கும் நாடா, ஒன்றும் அறியாதவன் போன்ற முகம்: இவையே அவருடைய அடையாளம்.

அவ்வடையாளத்தை அவர் தாமே புதிதாகப் படைத்துவிடவில்லை. அது மராட்டிய நாட்டின் தமாஷா ஆட்டத்திலிருந்து வந்தது. தமாஷா கணபதி வணக்கத்தோடு தொடங்கும். அடுத்துக் கண்ணனும் ஆய்ச்சியரும் தோன்றும் பகுதி வரும். அங்கே விகடனும் பெண்வேடமிட்ட ஆணொருவனும் கேலி பேசுவர். பின்னர் லாவணிப் பாடல்களும் இறுதியில் நாடகமும் நடைபெறும். தெய்வத்தை வணங்கிய அதே மேடையில் காமத்தைக் கேலி செய்வதில் அம்மக்கள் முரண்பாடு எதனையும் காணவில்லை.

இந்த லாவணி தமிழருக்குப் புதியதன்று. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் நிலைகொண்ட மராட்டியர் ஆட்சி 1855 வரை நீடித்தது. அக்காலத்தில் அவர்களோடு வந்த லாவணி தமிழ் உடை உடுத்தி, காமன் பண்டிகையோடு இணைந்துகொண்டது. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என ஒரு சாராரும், எரியவில்லை என மற்றொரு சாராரும் பாட்டால் வாதிடுவர். 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்பன அவற்றின் பெயர்கள். மராட்டியத்திலும் சிவனே உயர்வு, சக்தியே உயர்வு என இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடும் வழக்கம் உண்டு. டேப்பும் துந்தனாவும் இரு நாட்டு லாவணிக்கும் பக்கவாத்தியமாதல் அவ்வுறவுக்குச் சான்று.

தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் ஆகிய பகுதிகளின் மக்கள் 19 ஆம் நூற்றாண்டில் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தோர் பலர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோரும் பலர். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்கே அமைந்தது வத்தேகம. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1880 இல் மாத்தளை வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. பயிர் மாறியது, பாதை மாறியது, லயன் அறைகளில் வாழ்ந்த மக்கள் தங்களோடு கொண்டுவந்த கூத்து மட்டும் மாறவில்லை.

மாசித் திங்களில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து அத்தகையது. காமன் கம்பம் நட்டு, தப்பு முழங்க, இரதியும் மன்மதனும் ஆடி வருவர். சிவன், வீரபத்திரன், யமன், குறவன், குறத்தி எனப் பாத்திரங்கள் பல. இடையிடையே கோமாளி புகுந்து சொல்லத்தகாதவற்றையும் சொல்லிச் சிரிக்க வைப்பான். பகலெல்லாம் கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி நிற்பவர்களுக்கு, எதையும் அஞ்சாது பேசும் ஒருவனை இரவில் காண்பது பேராறுதல். சி. வி. வேலுப்பிள்ளை 1983 இல் வெளியிட்ட 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பைப் படிப்போர், அதிகாரத்தை எள்ளும் அவ்வுணர்வு அம்மக்களின் பாட்டிலும் ஊறியிருத்தலை உணர்வர்.

இத்தகைய சிரிப்பை அதிகாரம் எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை. இந்தியா விடுதலை பெற்ற பின்னர், 1948 இல் பம்பாய் அரசு ஆபாசம் என்று கூறித் தமாஷாவைத் தடை செய்தது. பின்னர் பிரதிகளைத் தணிக்கை செய்யும் நிபந்தனையோடு அனுமதித்தது. 'சோங்காட்யா'வுக்கும் தடை வந்தது. அது வணிகத்தின் தடை. தாதர் பகுதியின் கோகினூர்க் கொட்டகை, தேவ் ஆனந்தின் 'தேரே மேரே சப்னே' என்னும் இந்திப் படத்துக்காக இதற்கு இடம் தர மறுத்தது. கோண்ட்கே சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயை அணுகினார், சேனையினர் கொட்டகையின் முன் திரண்டனர், படம் திரையேறியது. மண்ணின் மொழிக்கு மண்ணிலேயே இடமில்லையா என்னும் கேள்வி அங்கே எழுந்தது நியாயமே. ஆனால் அதனைத் தீர்த்து வைத்தது நியாயமன்று, கூட்டத்தின் வலிமை என்பதையும் வரலாறு மறைத்தல் ஆகாது.

அதன் பின்னர் கோண்ட்கேயின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளிவிழாக் கண்டன. அவருடைய ஒன்பது படங்கள் தொடர்ந்து இருபத்தைந்து வாரங்கள் ஓடியமை கின்னஸ் சாதனை நூலில் இடம் பெற்றது. பார்த்த படத்தையே மீண்டும் மீண்டும் பார்க்கும் அடியார் கூட்டம் பிற நாடுகளிலும் உண்டு. 1975 இல் வெளிவந்த 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' என்னும் ஆங்கில இசை நகைச்சுவைப் படம் முதலில் தோல்வியுற்றது. 1976 முதல் நியூயோர்க்கில் நள்ளிரவுக் காட்சிகளாக அது ஓடியபோது, மக்கள் பாத்திரங்களைப் போலவே வேடமிட்டு வந்து, திரையை நோக்கி மறுமொழி கூவினர். கோமாளியோடு வாய்ச்சொல் ஆடிப் பழகிய கூத்துச் சபையின் இயல்பு அங்கே தானாகவே மீண்டும் பிறந்தது எனலாம்.

ஆயினும் இச்சிரிப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. தமாஷாவில் ஆடிய பெண்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோரும் கோல்ஹாட்டி முதலிய சமூகத்தினரும் ஆவர். மேடையில் அவர்களைக் கண்டு களித்த ஊர், மேடைக்கு வெளியே அவர்களை மதித்ததில்லை. 'சோங்காட்யா'வில் ஆடல் நங்கைக்கு நெஞ்சும் இருந்தது. மகனைச் சினக்கும் தாய்க்கு ஒரு நியாயமும் இருந்தது. 1980களில் அவர் எடுத்த பல படங்களிலோ இரட்டைப் பொருள் தலைப்பிலேயே ஏறிக்கொண்டது. பெண் கேலியின் பொருளாக மட்டும் எஞ்சினாள்.

காமன் கூத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். அங்கே கோமாளியின் கொச்சைப் பேச்சோடு இரவு முடிவதில்லை. மன்மதன் எரிகிறான், இரதி ஒப்பாரி வைக்கிறாள். சற்று முன் வயிறு குலுங்கச் சிரித்தவர்களின் கண்கள் கலங்குகின்றன. இரதியின் வேடத்தை ஏற்றவன் ஆடவனே. எனினும் அவள் புலம்பலில், கணவனையும் பிள்ளையையும் மலைக்குப் பறிகொடுத்த பெண்கள் தங்கள் துயரையே கேட்டனர். காமத்தைச் சிரித்த கூத்து, காமத்தை இழந்தவளின் அழுகையையும் தன்னுள் வைத்துக்கொண்டது.

திரைக்கு வந்தபோது கோமாளி உலகம் அறிந்தவன் ஆனான். இரதியோ வழியில் தங்கிவிட்டாள். 1998 இல் கோண்ட்கே மறைந்தார். அவருடைய சிரிப்பை ஆபாசம் என ஒதுக்குவோர் அதன் வேரை அறியாதவர். அதனைக் குறையற்றதெனக் கொண்டாடுவோர் அவ்வேரில் கண்ணீரும் கலந்திருந்ததை மறந்தவர். கோப்பி அழிந்த மலையிலும் அழியாமல், மாசி இரவில் தப்பொலியோடு எழுந்த அக்கூத்து இரண்டினையும் ஒருங்கே காத்தது.