ட்யூப் இல்லாத டயர் வந்த கதை

போன செமஸ்டர் லீவில் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒரே ஒரு சைக்கிள் சக்கரத்தோடு மல்லுக்கட்டினேன். என்னுடைய மவுண்டன் பைக்கை ட்யூப்லெஸ் ஆக்க வேண்டும் என்று ஆசை. ட்யூபைக் கழற்றினேன். ரிம்முக்கு டேப் சுற்றினேன், வால்வு மாட்டினேன், டயரைப் போட்டு வெள்ளையாக இருக்கும் அந்தச் சீலன்டை ஊற்றி, கைப்பம்பால் அடி அடி என்று அடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து எனக்குத் தோள் வலி, டயருக்குள் காற்று பூஜ்யம், தரையெல்லாம் வெள்ளைக் குளம். அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது :-)

அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அமெரிக்காவில் 1955-லேயே புதுக் கார்களில் ட்யூப்லெஸ் டயர் சாதாரணமாகிவிட்டது. மவுண்டன் பைக்குக்கு அது ஒழுங்காக வந்து சேர்ந்தது 1999-ல். நடுவில் 44 வருடம்! காரை விட எளிமையான வண்டிதானே சைக்கிள்? இதற்குப் பதில் தேடப் போய் 1845 வரைக்கும் போக வேண்டியதாகிவிட்டது. வாருங்கள், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

மறந்துபோன தாம்சன்

காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் டன்லப் என்போம். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அவருக்கு 40 வருடங்களுக்கும் முன்னால், 1845-ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் ஏற்றிய துணியால் ஒரு குழாய், அதன் மேல் தோல் உறை. 1847-ல் லண்டன் ரீஜன்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் மாட்டி ஓட்டியும் காட்டினார்.

ஆனால் விற்கவில்லை. ரப்பர் விலை அதிகம். அதைவிட முக்கியம், மிதித்து ஓட்டும் சைக்கிளே அப்போது பிறக்கவில்லை. தேவை வருவதற்கு முன்பே வந்துவிட்ட பொருள் அது.

1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்காமல் ஓட ஒரு வழி தேடினார். தாம்சனைப் பற்றித் தெரியாமலேயே அதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். 1888-ல் காப்புரிமை. 1889-ல் வில்லி ஹ்யூம் என்ற பந்தய வீரர் இந்த டயரை மாட்டி ஜெயித்ததும் ஊரே திரும்பிப் பார்த்தது. பிறகுதான் பழைய காப்புரிமை வெளியே வந்தது, டன்லப்பினுடையது செல்லாது என்றாகிவிட்டது. ஆனாலும் பெயர் நின்றது டன்லப்புக்குத்தான். தாம்சன் 1873-லேயே இறந்துவிட்டார்.

கழற்றத் தெரியாத டயர்

டன்லப் டயரில் ஒரு பெரிய தொல்லை. அதைச் சக்கரத்தோடு ஒட்டியிருப்பார்கள். பஞ்சரானால் பிய்த்து எடுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி ஒட்டிக் காய வைக்க வேண்டும். 1889-ல் பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான் ஊரில் ஒரு சைக்கிள்காரர் இப்படி ஒரு பஞ்சரோடு மிஷ்லின் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு வந்தார். பழுது பார்க்க மூன்று மணி நேரம், பசை காய ஓர் இரவு. மறுநாள் எடுவார் மிஷ்லின் ஓட்டிப் பார்த்தால் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காற்று இறங்கிவிட்டது!

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் கழற்றி மாட்டும் டயர். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அதை மாட்டிக்கொண்டு ஏறத்தாழ 71 மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். தனி ட்யூப், தனி டயர் என்ற ஏற்பாடு நிலைத்தது. காற்றைப் பிடிப்பது ட்யூபின் வேலை, அடி வாங்குவது டயரின் வேலை. இன்றும் பஞ்சர் கடையில் தண்ணீர் வாளிக்குள் ட்யூபை அமுக்கிக் குமிழி பார்ப்பது இந்த ஏற்பாட்டின் புண்ணியம்தான்.

கார் முந்திக்கொண்டது

ட்யூப் என்ற தரகரே இல்லாமல் டயரும் ரிம்மும் சேர்ந்து காற்றைப் பிடித்தால் என்ன? அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த ஃபிராங்க் ஹெர்சே இதைச் சாதித்தார். 1946-ல் விண்ணப்பம், 1952-ல் காப்புரிமை. டயரின் உட்புறத்தில் காற்றை விடாத ரப்பர் பூச்சு. ஆணி குத்தினாலும் காற்று ஒரேயடியாக வெடித்துப் போகாமல் மெதுவாக இறங்கும்.

சைக்கிளுக்கு ஏன் அப்போதே வரவில்லை? என் சக்கரத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கார் சக்கரம் ஓட்டையில்லாத இரும்புத் தட்டு. சைக்கிள் ரிம்மில் ஸ்போக் கம்பிக்கென்றே 32 ஓட்டை! வால்வுக்கு இன்னொன்று. போதாததற்கு, கையாலேயே கழற்றும்படி டயரின் விளிம்பு தளர்வாக இருக்கும். காற்று தங்கவே தங்காது. சாதாரண ரோட்டில் ட்யூபே போதும் என்பதால் யாரும் மெனக்கெடவும் இல்லை.

மலைக்குப் போன சைக்கிள்

அந்தத் தேவையைக் கொண்டுவந்தது கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள். 1930, 40-களின் தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான்களிலிருந்து பொறுக்கி, மலைப்பாதையில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976 அக்டோபரில் ரீபேக் என்ற பந்தயம் ஆரம்பித்தது. சுமார் மூன்று கிலோமீட்டரில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக் சூட்டில் கிரீஸ் முழுக்க எரிந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். பெயரே அதனால்தான். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி எல்லோரும் அந்தக் கூட்டத்து ஆட்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அந்த விளையாட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது.

மலைப்பாதையில் காற்று குறைவாக இருந்தால்தான் டயர் கல்லையும் வேரையும் கவ்விப் பிடிக்கும். ஆனால் ட்யூப் போட்டுக் காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். ட்யூபே இல்லாவிட்டால் நசுங்க என்ன இருக்கிறது?

1999-ல் மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் மூன்று பிரெஞ்சுக் கம்பெனிகள் சேர்ந்து யூஎஸ்டி முறையைக் கொண்டுவந்தன. டயர் உட்காரும் பக்கம் ஓட்டையே இல்லாத ரிம், அதில் இறுக்கமாகக் கவ்வும் விளிம்பு, உள்ளே கனமான பூச்சு. அருமையான வேலை. ஆனால் டயர் கனம், விலையும் அதிகம்.

அமெரிக்காவில் ஸ்டான் கோசியாட்டெக் என்பவர் குறுக்கு வழி கண்டார். இருக்கிற ரிம்மின் ஓட்டைகளை ஒரு பட்டையால் மூடு, இருக்கிற டயருக்குள் ரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்று! 2001-ல் நோட்யூப்ஸ் என்று கம்பெனியே தொடங்கிவிட்டார். முள் குத்தினால் வெளியேறும் காற்றே அந்தப் பாலை ஓட்டைக்குத் தள்ளும், அங்கே அது உறைந்து அடைத்துக்கொள்ளும். இன்றைய ட்யூப்லெஸ் மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த டேப்பும் பாலும் வழியில் வந்தவைதான்.

பாட்டி சொன்னது

இந்த இடத்தில் கொஞ்சம் வீட்டுக்கதை. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாட்டி வந்து மூக்கைச் சுருக்கினார். "என்னடா இது, தோட்டத்துப் பால் வாசம் அடிக்குது?"

பாட்டி கல்யாணமானதிலிருந்து மலேசியத் தோட்டப்புறத்தில் பால் வெட்டியவர். அதிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்து, வெயில் ஏறுவதற்குள் மரம் மரமாகப் போய், மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துத் தூக்கி வர வேண்டும். "நேரமானா பால் கட்டிக்கும், அதுக்கு மருந்து ஊத்துவாங்க" என்றார். அந்த மருந்துதான் அமோனியா. என் புட்டியிலும் பால் உறையாமல் இருக்க அதே அமோனியா. பாட்டியின் மூக்கு தப்புச் சொல்லவில்லை.

1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றின் கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. டன்லப்புக்குப் பிறகு முதலில் சைக்கிள், அடுத்து கார் என்று டயர் சந்தை பெருக, மலாயாவில் காடுகளை அழித்துத் தோட்டம் போட்டார்கள். அதற்கு ஆள் எடுக்கக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். எங்கள் குடும்பம் இங்கே வந்ததும் அப்படித்தான். அதாவது, பெல்ஃபாஸ்ட்டில் ஒரு பையனின் சைக்கிள் குலுங்கியதற்கும் நான் இந்த நாட்டில் பிறந்ததற்கும் தொடர்பு இருக்கிறது!

தாம்சனின் பெயர் மறந்துபோனது என்று வருத்தப்பட்டேன் இல்லையா? அவருக்காவது காப்புரிமைத் தாளில் ஒரு பெயர் இருந்ததால் பின்னால் தேடி எடுக்க முடிந்தது. பாலை எடுத்துக் கொடுத்தவர்களின் பெயர் பெரட்டு நோட்டோடு போய்விட்டது.

சரி, சக்கரம் என்ன ஆனது? மறுநாள் டேப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்பாகத்தைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸரில் காற்றடித்தேன். டப், டப் என்று இரண்டு சத்தம், விளிம்பு இரண்டு பக்கமும் ரிம்மில் போய் உட்கார்ந்தது. உள்பாகத்தை மாட்டி மறுபடி அடித்தேன், காற்று நின்றது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பால் எல்லாப் பக்கமும் படும்படி ஆட்டினேன்.

பாட்டி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதத்தில் பால் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற வேண்டும் என்று விளக்கினேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார்.