ஒரே சாக்கெட், பல தலைமுறை

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். "புது பிராசசர் வந்திருக்கே, மாத்திடலாமாண்ணே?" என்று கேட்பவரிடம் முதலில் மதர்போர்டைத்தான் விசாரிப்பேன்.

தொண்ணூறுகளில் சாக்கெட் 7 போர்டில் இன்டெல் பென்டியமும் போடலாம், ஏஎம்டி கே6, சைரிக்ஸ் சிப்பும் போடலாம். 1997-இல் பென்டியம் 2 தனக்கென்று ஸ்லாட் 1-உடன் வந்து அந்தப் பொதுவழியை அடைத்தது. அதற்குப் பிறகு இன்டெல்லில் சிப்பை மாற்றுவதென்றால் பெரும்பாலும் போர்டுக்கும் சேர்த்துத்தான் செலவு.

ஏஎம்டியின் ஏஎம்4 அந்தக் கணக்கை மாற்றியது. 2017-இல் முதல் ரைசனோடு வாங்கிய பல போர்டுகளில், பயாஸை அப்டேட் செய்துவிட்டு, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யை உட்கார வைக்கலாம். 96 எம்பி எல்3 கேஷ். கேம் ஆடுபவர்களுக்கு அது ஒரு வரம். கழற்றும்போது மட்டும் அவசரம் கூடாது. 1331 பின்களும் சிப்பின் அடியில்தான் இருக்கின்றன. பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரோடு சிப்பும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை மெல்லத் திருகி எடுப்பேன்.

அதே 2022-இல் ஏஎம்5 வந்தது. அதற்குப் போர்டோடு டிடிஆர்5 ராமும் வாங்கியாக வேண்டும். நல்ல ஏஎம்4 போர்டு கையில் இருப்பவருக்கு 5000 வரிசையே போதும் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.