பொற்கொல்லர் வளைத்த கொக்கி

பால் மரத்தில் வெட்டுக்கோட்டின் அடியில் ஒரு பீலியைச் செருகுகிறீர்கள். அது என்ன? நடுவே வளைத்த சிறு தகரத் துண்டு. வளைவு சரியாக இருந்தால் பால் மங்கில் விழும். கோணினால் மரத்தோடு வழிந்து போகும். நட்டம் சில துளிப் பால்தான். அதே மரத்தடியில் நிற்கும் அம்மாவின் தாலிச் சங்கிலிக் கொக்கி கோணியிருந்தால்? இருட்டோடு வேலைக்குப் போனவர் விடிந்த பின் கழுத்தைத் தடவிப் பார்க்கும்போது, குடும்பத்தின் சேமிப்பு புல்லில் எங்கோ கிடக்கும். அந்தக் கொக்கியை வளைத்தவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் உள்ள வட்டாரத்தைத் தமிழர் தேக்கா என்பர். அங்கே பஃபலோ சாலை என்று ஒரு தெரு உண்டு. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் நடந்த மாட்டு வணிகத்தை அந்தப் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாட்டுக்குப் பின்னால் மனிதர் வந்தனர்; மளிகையும் துணியும் வந்தன; நகைக்கடைகளும் பொற்கொல்லர் பட்டறைகளும் வந்தன. 1923இல் ஜொகூர்க் கடற்பாலத்தின்மேல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தீபகற்பத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூர் வருவது எளிதாயிற்று.

தோட்டத்துக்காரன் காசைப் பாங்கியில் போடாமல் பொன்னில் போட்டான் என்று குறை சொல்வார் உண்டு. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அவர்கள் வாழைமரப் படம் போட்ட நோட்டை அச்சடித்தார்கள். 1945இல் அவர்கள் தோற்றதும் அது வெற்றுத்தாளாயிற்று. காதிலும் கழுத்திலும் இருந்த பொன்னுக்கு அந்த கதி வரவில்லை. குறை சொல்வாருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

பட்டறைக்குள் போவோம். சாமான்கள் அதிகமில்லை. குறடு, சாமணம், அரம், சிறு சுத்தியல், ஊதுகுழல், கம்பியச்சு. கம்பியச்சு என்பது பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளையிட்ட எஃகுத் தகடு. பொன் கம்பியை ஒவ்வொரு துளையிலும் நுழைத்து இழுக்க, அது மெலிந்து நீளும். இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துப்போகும். அப்படியே வளைத்தால் வெடிக்கும். அதனால் இடையிடையே ஊதி, மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்ச வேண்டும்.

இங்கே ஒரு வியப்பு. கொல்லர் பால் வெட்டும் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கடினமாகும். நகைப் பொன்னை அவ்வாறே காய்ச்சித் தோய்த்தால் அது மெதுவாகும். எஃகில் கரி கலந்திருக்கிறது. சட்டென்று குளிரும்போது அந்தக் கரி உள்ளே சிக்கிக்கொண்டு உலோகத்தை இறுக்குகிறது. பொன்னில் அது இல்லை. இழுப்பில் நசுங்கிய நுண்மணிகள் சூட்டில் புதிதாக உருவாகிவிடுகின்றன. ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர், பலன் மட்டும் நேர்மாறு.

அடுத்தது வளைப்பு. கம்பியை வளைத்துக் கையை விட்டால், சிறிது பின்னோக்கி விரியும். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் என்ற அறிஞர், இழுப்புக்கேற்ற நீட்சி என்னும் விதியை 1678இல் நூலாக வெளியிட்டார். இழுத்த பொருள் பழைய நிலைக்குத் திரும்பப் பார்ப்பதை அவர் ஆராய்ந்தார். ஹூக் என்ற பெயர் ஆங்கிலக் காதுக்குக் கொக்கி என்றே ஒலிப்பது தற்செயல்தான்! பொற்கொல்லர் அவர் நூலைப் படித்ததில்லை. வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமாக வளைத்துவிடுவார். விரிந்தபின் சரியாக நிற்கும்.

கம்பியை எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது, நடுப்பகுதி மட்டும் நீளம் மாறுவதில்லை. ஆகவே நடுவைக் கொண்டே அளக்க வேண்டும். 14 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு, 1 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு வளையம் வேண்டும் என்று வையுங்கள். 14உடன் கம்பியின் பருமன் 1 சேர்த்து 15. அதை 22/7ஆல் பெருக்கினால் 47 மில்லிமீட்டர். பருமனை மறந்தால் 44தான் வரும். வளையத்தின் இரு முனைகளும் சேராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு செப்புக் கம்பியை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

சங்கிலிக்கு ஒரே அளவில் பல வளையங்கள் வேண்டுமே! ஒரு கம்பியைத் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, நீளவாக்கில் ஒரே கோடாக அறுத்தால் அத்தனையும் ஒன்றுபோல் உதிரும்.

கொக்கிக்குத் தனி நியாயம் உண்டு. சுத்தத் தங்கம் அதற்கு ஆகாது; விரித்தால் விரிந்தபடியே நிற்கும். செம்போ வெள்ளியோ கலந்தால்தான் திரும்பும் சக்தி வரும். பிரிட்டிஷ் பவுனும் 22 காரட்தான். ஆயிரம் பங்கில் சுமார் 916 பங்கு பொன். கடைகளில் 916 என்று பொறித்திருப்பது அதையே குறிக்கிறது.

இப்போது சங்கிலிகளில் பெரும்பாலானவை இயந்திரம் செய்தவை. என்றாலும் கொக்கி விரிந்தால் கைவேலைக்காரரிடமே போக வேண்டும். பல்லால் கடித்து நெருக்காதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் கம்பி விறைத்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கீறல் விழுமுன் கொண்டுபோனால் பத்தர் காய்ச்சி மறுபடி வளைத்துத் தருவார். விழுந்தபின் கொண்டுபோனால் அந்தக் கொக்கியை எடுத்துவிட்டுப் புதிது போடுவார்.