தொப்பி வைத்த குட்டி பிறந்த கதை

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்கள் தாமிரபரணிக் கரையில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலங்கொழுந்தைக் கிள்ளிப் போட்டு, பெட்டியைக் காதோடு வைத்துக் கேட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் வண்டுக்கு வண்டு மாற்றிக்கொண்டவர்கள். இதே கிறுக்கோடு ஜப்பானில், டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் ஒரு பையன் வளர்ந்தான். பெயர் சதோஷி தஜிரி. கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் 'பூச்சி டாக்டர்'. ஊர் பெருத்தது. குளங்கள் தூர்ந்தன, வயல்கள் ரோடாயின. பிடிப்பதற்குப் பூச்சி இல்லாமல் போன பையன் வீடியோ கேம் கடைக்குள் நுழைந்தான். நுழைந்தவன் லேசில் வெளியே வரவில்லை.

1989இல் நிண்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு கருவிகளை ஒரு வயரால் இணைத்து இரண்டு பேர் எதிரெதிரே ஆடலாம். எல்லாரும் அதில் வயரைப் பார்த்தார்கள். தஜிரி மட்டும் அந்த வயருக்குள் ஒரு பூச்சி ஊர்ந்து அடுத்தவன் கைக்குப் போவதைப் பார்த்தார். வண்டுக்கு வண்டு மாற்றும் அதே விளையாட்டு! அதை கேம் ஆக்க ஆறு வருடம் பிடித்தது. நடுவில் அவருடைய சிறிய நிறுவனம் திவாலாகும் நிலைக்குப் போனது. சம்பளம் எடுக்காமல் அப்பா காசில் காலம் தள்ளினார். 1996 பிப்ரவரி 27 அன்று ஒருவழியாகக் கடைக்கு வந்தபோது கேம் பாயே பழைய சரக்காகியிருந்தது. ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை. விற்பனை ஏற ஏற, டிவி தொடர் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது.

கேமில் 151 பிராணிகள். தொடரின் நாயகனுக்குக் கூடவே நடக்க ஒன்றுதான் வேண்டும். நாயகனுக்குப் பெயர் வைப்பதில் தகராறு இல்லை. தஜிரியின் முதல் பெயரையே சூட்டி சதோஷி என்றார்கள். துணைக்கு முதலில் நினைத்தது இளஞ்சிவப்பில் கொழுகொழுவென்று இருக்கும் பிப்பி என்ற குட்டியை. பிறகு யோசனை மாறியது. அட்சுகோ நிஷிதா என்ற ஓவியர் வரைந்த ஒரு மஞ்சள் குட்டிக்கு அந்த இடம் போனது. கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஜப்பானில் ஒரு அரிசிமாவுப் பண்டம் உண்டு. அதைப் பார்த்து உருவம் பிடித்தவர், அணில் கன்னத்தில் தீனி அடைப்பதுபோல இது கன்னத்தில் மின்சாரம் அடைக்கட்டும் என்றார். ஆக, இந்தத் தொடரில் ஒரு துணைப் பாத்திரத்துக்குப் பதில் இன்னொன்று வந்தது, தொடர் ஆரம்பிக்கும் முன்பே. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1997 ஏப்ரல் 1, டிவி டோக்கியோ. முதல் கதையிலேயே சதோஷி ஒரு பெண்ணின் சைக்கிளை இரவல்கூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு ஓடினான். மஞ்சள் குட்டி விட்ட மின்னலில் சைக்கிள் கருகிக் கரிக்கட்டை ஆயிற்று. சைக்கிளுக்குச் சொந்தக்காரி கசுமி. 'என் சைக்கிளுக்கு வழி சொல்லு' என்று பின்னாலேயே கிளம்பினாள். பிறகு தகேஷி சேர்ந்தான். சமைப்பான், தைப்பான், கண்ணில் படும் பெண்களிடமெல்லாம் வழிவான். கண்கள் மட்டும் எப்போதும் மூடியே, பேனாவால் கிழித்த இரண்டு கோடுகள் போல. மூவரும் ஊர் ஊராக நடந்தார்கள். பிள்ளைகளுக்கு வீட்டு ஆட்கள்போல ஆகிவிட்டார்கள். அந்த வருடம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது இடி விழுந்தது.

டிசம்பர் 16 இரவு ஒளிபரப்பான கதையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டிய ஒரு காட்சி வந்தது. ஜப்பான் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தலைசுற்றல், வாந்தி, வலிப்பு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 685 பேர். தொடர் நின்றது. நான்கு மாதம் கழித்து, 1998 ஏப்ரலில் திரும்ப வந்தபோது ஒருவரைக் காணோம். அந்தக் கதையின் விருந்தாளியான போரிகான் என்ற பிராணி. இத்தனைக்கும் கண்ணைப் பறித்த அந்த வெட்டு, மஞ்சள் குட்டியின் மின்னலிலிருந்து வந்தது! மின்னல் விட்டவன் நாயகனின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பழி போரிகான் தலையில் விழுந்தது. அதன் பிறகு அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடம்கூட வாய்க்கவில்லை. யாரைக் கைவிடலாம், யாரைக் கூடாது என்ற கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். கணக்கின் அடுத்த வரியில் தகேஷியின் பெயர் இருந்தது.

அடுத்த கேம் தாமதமாகிக்கொண்டே போனது. புதிய கேம் வந்தால்தான் புதிய ஊர், புதிய பிராணிகள். டிவிக்காரர்களோ கையிலிருந்த ஊர்களையெல்லாம் சுற்றி முடித்துவிட்டார்கள். கேமில் இல்லாத தீவுக்கூட்டம் ஒன்றைத் தாங்களாகவே உண்டாக்கி 1999இல் சதோஷியை அங்கே அனுப்பினார்கள். தகேஷியை நிறுத்திவிட்டு கென்ஜி என்ற ஓவியப் பையனைச் சேர்த்தார்கள். காரணம், அந்த இரண்டு கோட்டுக் கண்கள். தொடர் அமெரிக்காவுக்குப் போயிருந்த சமயம். இப்படி வரைந்தால் ஆசிய முகத்தைக் கேலி செய்வதாக வெளிநாட்டில் நினைப்பார்களோ என்று பயந்ததாக, தொடரின் இயக்குநர் குழுவில் இருந்த மசமிட்சு ஹிடாகா பிற்பாடு சொன்னார். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அங்கேயும் பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது. அதே வருடம் தகேஷி திரும்பி வந்தான்; கென்ஜி ஒரு பேராசிரியர் வீட்டில் தங்கிவிட்டான். கசுமிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நம் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நெல்லை, குமரிப் பக்கம் ராமாயணம் ஆடும்போது உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகள் நடுவில் வந்து ஊர்க்கதை பேசுவார்கள். ராமாயணத்தில் அவர்களுக்கு வேலையே இல்லை. ஆனாலும் அவர்களை எடுத்துவிட்டால் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். கூத்துக்காரருக்குப் புதுப்பாவை விற்கும் அவசரம் இருந்ததில்லை. ஜப்பானில் அந்த அவசரம் இருந்தது.

2002 நவம்பர் 21 அன்று ஜப்பானியக் கடைகளில் புதிய கேம் இறங்கியது. புதிய தொடரின் முதல் கதை டிவியில் வந்ததும் அதே நவம்பர் 21. கேமில் பெண்பிள்ளையாக ஆட விரும்புகிறவர்களுக்கென்று இருந்த பாத்திரம் ஹருகா. அவளே தொடரில் சதோஷியின் புதிய கூட்டாளி. கூடவே, பார்க்கும் பொடிசுகளின் வயதில் ஒரு தம்பி. அப்படியானால் ஐந்தரை வருடம் கூட நடந்த கசுமியை எப்படி அனுப்புவது? கொல்லவில்லை, சண்டை மூட்டவில்லை. எழுதியவர் முதல் கதைக்குத் திரும்பிப் போனார். அங்கே கருகிக் கிடந்ததே ஒரு சைக்கிள்! அது பழுது பார்க்கப்பட்டு, புத்தம் புதிதாக வந்து நின்றது. 'வழி சொல்லு' என்று வந்தவளுக்கு இனி கூட வரக் காரணமே இல்லை. அக்காக்கள் ஊர் சுற்றப் போனதால் வீட்டுப் பொறுப்பும் தலையில் விழுந்தது. ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டாள். துணைப் பாத்திரத்தை இவ்வளவு நாகரிகமாக வழியனுப்பிய வேறொரு தொடர் எனக்குத் தெரியாது. நம் சீரியல்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும், முடிந்தது கதை.

அன்று அழுத பிள்ளைகள் வளர்ந்தார்கள். சதோஷி வளரவில்லை, அவனுக்கு எப்போதும் பத்து வயது. சூட்சுமமே அதில்தான். ஆறு வயதில் பார்க்க ஆரம்பித்த பிள்ளை பன்னிரண்டில் வேறு பக்கம் போய்விடும். அப்போது உட்காரும் அடுத்த ஆறு வயசுக்குக் கசுமி யாரென்றே தெரியாது. அந்தப் பிள்ளைக்குப் புதிய கேமும் தெரிய வேண்டும், புதிய கூட்டாளியும் வேண்டும். 2010இல் தகேஷி டாக்டருக்குப் படிக்கக் கிளம்பினான், இந்த முறை பழைய இடத்துக்குத் திரும்பாமல். அதற்குப் பிறகு ஆட்கள் பஸ் மாறுவதுபோல மாறினார்கள். சேர்ந்து நடந்தவர்களில் மாறாமல் நின்றவர்கள் இரண்டே பேர்: சதோஷியும், தோளில் இருந்த மஞ்சள் குட்டியும். அவர்களை யார் தொடப்போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

2022 நவம்பரில் சதோஷி உலகப் பட்டத்தை வென்றான். அடுத்த மாதமே அறிவிப்பு வந்தது: இவன் கதை முடிகிறது. கடைசியாக ஒரு சின்னத் தொடர், 11 கதைகள். அதில் கூட நடந்தவர்கள் யார்? கசுமியும் தகேஷியும்! 2023 மார்ச் 24 அன்று, 26 வருட நடைக்குப் பிறகு, சதோஷி மஞ்சள் குட்டியோடு ஒரு பாதையில் நடந்து மறைந்தான். மூன்றே வாரத்தில், ஏப்ரல் 14 அன்று, லிகோ என்ற சிறுமியும் ராய் என்ற பையனும் அவன் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் ஏறிய பறக்கும் கப்பலுக்கு ஒரு கேப்டன் இருந்தான். தலையில் கப்பல் தொப்பி. நிறம் மஞ்சள். அதே காது, அதே கன்னம், ஆனால் வேறு குட்டி.

சதோஷிக்கு நம் ஊர் டிவியில் ஆஷ் என்று பெயர். கசுமி இங்கே மிஸ்டி, தகேஷி ப்ராக். தொடர் போக்கிமான், பிற்பாடு தமிழிலும் பேசியது. மஞ்சள் குட்டி எல்லா ஊரிலும் பிகாச்சுதான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரலில் பாலம் உடைந்தது, கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்தது. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் பார்த்தபோது, சுவரில் தண்ணீர் நின்ற கோடு மாறாத ஒரு கடையில் புதுச் சரக்காகப் பைகள் தொங்கின. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிகாச்சு, ஒன்று வெறுந்தலை, ஒன்று தொப்பி. இரண்டாம் வகுப்புக்குப் போகிற ஒரு பொடியன் தொப்பியைக் காட்டினான். ஆச்சி வெறுந்தலைப் பையை எடுத்தாள். அது இருபது ரூபாய் குறைவு.

"ரெண்டும் ஒண்ணுதாம்ல" என்றார் கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி. அது பழைய ஆளு."